முதலில் செடி, பிறகு மீன்

மாடு வாங்கப் போகிறவன் முதலில் தன் வீட்டுக் கொட்டிலைப் பார்ப்பான். கட்டுத்தறி உண்டா, வைக்கோல் உண்டா, கழுநீர்த் தொட்டி உண்டா என்று எண்ணிப் பார்த்த பின்னரே தாவணிக்குப் புறப்படுவான். தாவணி என்றால் மாட்டுச் சந்தை. அப்பெயரைத் தாங்கி நிற்கும் நம் மாட்டுத்தாவணியில் இன்று பேருந்துகளின் இரைச்சலும் பூச்சந்தையின் மணமும் நிறைந்திருக்கின்றன. ஆயினும், ஓர் உயிரை வீட்டுக்குக் கொண்டுவருமுன் அதற்கு இடம் ஆயத்தம் செய்ய வேண்டும் என்னும் பழைய ஒழுங்கு நம்மை விட்டு மறைந்துவிடலாகாது.

இதை இங்கே குறிப்பிடக் காரணம் உண்டு. பிறந்த நாளுக்கும் புதுநன்மை விழாவுக்கும் பிள்ளைகளுக்குக் கண்ணாடி மீன்தொட்டியைப் பரிசளிக்கும் வழக்கம் நம் குடும்பங்களில் பரவி வருகிறது. நல்ல வழக்கமே. ஆனால், தொட்டியும் மீனும் ஒரே நாளில் வாங்கப்படுகின்றன. மாலையில் நீர் ஊற்றி, இரவுக்குள் மீன்களையும் விட்டுவிடுகிறோம். ஒரு வாரத்தில் அவை ஒவ்வொன்றாய் மடிந்து மிதக்கின்றன. பிள்ளை அழுகிறது. நாம் வேறு மீன் வாங்கித் தருகிறோம். அவையும் மடிகின்றன. மூன்றாம் முறை பிள்ளை அழுவதில்லை. அன்பார்ந்த பெற்றோரே, மீன் செத்ததைவிட அந்த அழாமை அன்றோ நமக்குக் கவலை தர வேண்டும்? உயிர் என்பது பணம் கொடுத்தால் மீண்டும் கிடைக்கும் பொருள் என்ற பாடத்தை நம்மை அறியாமலே கற்பித்துவிடுகிறோம்.

மீன்கள் ஏன் மடிகின்றன? மீனின் செவுள் வழியாகவும் கழிவிலிருந்தும் அம்மோனியா என்னும் நஞ்சு நீரில் கலக்கிறது. அது கண்ணுக்குத் தெரியாது. நீர் பளிங்குபோல் தெளிந்திருக்கும்போதே கொல்லவும் வல்லது. கண்மாயிலும் குளத்திலும் இந்நஞ்சை முறிக்கும் நுண்ணுயிர்கள் மண்ணிலும் கல்லிலும் குடியிருக்கின்றன. ஒருவகை நுண்ணுயிர் அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றுகிறது, அதுவும் நஞ்சே. வேறொரு வகை அதை நைட்ரேட்டாக மாற்றுகிறது. அதனால் வரும் தீங்கு மிகக் குறைவு. புதுத் தொட்டியில் இவை பெருகி நிலைபெற ஏறத்தாழ 4 முதல் 6 வாரங்கள் ஆகும். அதற்குள் மீனை விடுவது, அடுப்பு மூட்டாத வீட்டில் விருந்தினரை அமர்த்துவதற்கு ஒப்பாகும்.

இங்கேதான் உயிருள்ள நீர்ச்செடி துணைக்கு வருகிறது. அது அம்மோனியாவை நேரடியாகவே தன் உணவாக உறிஞ்சிக்கொள்ளும். அதன் இலையும் வேரும் நன்மை செய்யும் நுண்ணுயிர்களுக்கு இருப்பிடமாகும். பகல் ஒளியில் அது உயிர்வளியையும் வெளிவிடும். இந்த உண்மையை 1779-ஆம் ஆண்டு வெளியிட்டவர் டச்சு நாட்டு மருத்துவர் யான் இங்கென்ஹவுஸ். நீரில் அமிழ்த்திய இலைகளிலிருந்து வெயிலில் குமிழிகள் எழுவதையும், இருளில் அவை நின்றுபோவதையும் அவர் கண்டறிந்தார். நம் பள்ளிப் பிள்ளைகள் ஹைட்ரில்லாச் செடியை வைத்துச் செய்யும் சோதனை அதன் வழிவந்ததே.

இதைத் தொட்டியில் நிலைநாட்டியவர் லண்டன் வேதியியலார் இராபர்ட் வாரிங்டன். அவர் இரண்டு சிறு பொன்மீன்களையும் வாலிஸ்நேரியா என்னும் நீர்ச்செடியையும் ஒரே தொட்டியில் வைத்தார். உதிர்ந்த இலைகள் அழுகி நீர் கலங்கியது. உடனே சில நத்தைகளை விட்டார். அவை அழுகலைத் தின்று தீர்க்க, நீர் மீண்டும் தெளிந்தது. 1850-இல் அவர் இதை எழுதி வெளியிட்டார். நாடா போன்ற இலையுடைய அச்செடி நம் நாட்டு நீர்நிலைகளிலும் வளர்வதே. உப்பும் சுண்ணாம்பும் மிகுந்த ஆழ்துளைக் கிணற்று நீரையும் அது பெரும்பாலும் தாங்கிக்கொள்ளும்.

இனிச் செய்முறையைக் காண்போம். 2 அடி நீளமும் 1 அடி அகலமும் 1 அடி உயரமும் உள்ள தொட்டி ஏறத்தாழ 55 லிட்டர் நீர் கொள்ளும். நேர் வெயில் படாத உறுதியான மேசையில் அதை வையுங்கள். நன்கு கழுவிய மணலை 2 அங்குல உயரத்துக்குப் பரப்புங்கள். மாநகராட்சிக் குழாய் நீரானால், குளோரின் நீங்குமாறு ஒரு நாள் திறந்த பாத்திரத்தில் வைத்திருந்து ஊற்றுங்கள். கடையில் வாங்கிய செடிகளை அலசி, வேர் மணலுக்குள்ளும் இலை தொடங்கும் குருத்துப் பகுதி மணலுக்கு மேலும் இருக்குமாறு நடுங்கள். இரண்டு மூன்று செடிகள் போதா; தொட்டியின் பாதியேனும் பசுமையாகட்டும். நாள்தோறும் 8 மணி நேரம் விளக்கொளி போதும். மிகுந்தால் பாசி படரும்.

முதல் இரு வாரங்களில் பழைய இலைகள் கரையலாம். அவற்றை மட்டும் அகற்றிவிட்டுப் பொறுத்திருங்கள். புதுக் குருத்து விட்டதென்றால் செடி வேரூன்றிவிட்டது என்பது பொருள். நான்கு வாரமேனும் கழிந்து, கடைகளில் கிடைக்கும் சோதனை மருந்தில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் இல்லையென்று கண்டபின், மூன்று கப்பி மீன்களை மட்டும் விடுங்கள். ஓரிரு வாரம் கழித்து மேலும் சில. பொன்மீன் பெரிதாக வளர்வது. இவ்வளவு சிறிய தொட்டி அதற்குப் போதாது. இரண்டு நிமிடத்தில் தின்று தீர்க்கும் அளவே இரை இடுங்கள். வாரம் ஒருமுறை கால்பங்கு நீரை மாற்றுங்கள். தொட்டி முழுவதையும் சோப்பிட்டுக் கழுவுவது நல்ல நுண்ணுயிர்களை அழிக்கும்; சோப்பு மீனுக்கும் நஞ்சு. இரவில் செடியும் உயிர்வளியை உட்கொள்வதால், காற்றூட்டும் சிறு பம்பு ஓடிக்கொண்டிருப்பது நலம்.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. மிகுதியான செடியையோ வேண்டாத மீனையோ வண்டியூர்க் கண்மாயிலோ வேறு நீர்நிலையிலோ விட்டுவிடாதீர்கள். இன்று நம் கண்மாய்களை அடைத்துக் கிடக்கும் ஆகாயத்தாமரை, தென் அமெரிக்காவிலிருந்து அழகுக்காகக் கொண்டுவரப்பட்ட செடியே. தொட்டியைத் தூய்மை செய்யும் என்று விற்கப்படும் உறிஞ்சுமீனும் அவ்வாறே தமிழகத்து ஏரி குளங்களில் பரவியுள்ளது. மிஞ்சிய செடியை வெயிலில் உலர்த்தி உரக்குழியில் இடுங்கள். மீனைக் கடையிலேயே திருப்பிக் கொடுங்கள்.

தொடக்க நூலின் முதல் அதிகாரத்தைப் பிள்ளைகளுடன் திறந்து பாருங்கள். மூன்றாம் நாளில் இறைவன் நிலத்தில் பசுமையை முளைக்கச் செய்கிறார். நீர்வாழ் உயிர்கள் தோன்றுவது ஐந்தாம் நாளில்தான். அது அறிவியல் நூலன்று. எனினும், வாழ வருவோருக்கு முன்னதாக வாழுமிடத்தை ஆயத்தம் செய்யும் தந்தையின் உள்ளத்தை அது காட்டுகிறது. மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் வெளியிட்ட சுற்றுமடலில், பாசியும் புழுவும் கண்ணுக்குப் புலப்படாத நுண்ணுயிர்களும்கூட படைப்பின் ஒழுங்குக்கு இன்றியமையாதவை என்று நினைவூட்டினார்.

ஆகவே, அடுத்த புதுநன்மை விழாவுக்குத் தொட்டி வாங்கினால், அன்று செடிகளை மட்டும் நட்டுக் கொடுங்கள். “மீன் எங்கே?” என்று பிள்ளை கேட்கும். “அதற்கு நாம் வீடு கட்டிக்கொண்டிருக்கிறோம்” என்று சொல்லுங்கள். அந்த நான்கைந்து வாரக் காத்திருப்பில் பிள்ளை கற்கும் பொறுமை, பின்னர் வரும் மீனின் உயிரைக் காக்கும். பிள்ளையின் இளகிய உள்ளத்தையும் காக்கும்.