பாய் சுருட்டத் தெரிந்த பிள்ளைகள்

நாக்பூரில் எந்தக் குடியிருப்புக்குள் நுழைந்தாலும் நாலு தெருவுக்கு ஒரு 'மாண்டிசோரி' பலகை கண்ணில் படும். பலகையில் மிக்கி மவுஸ் சிரிப்பார். உள்ளே எட்டிப் பார்த்தால் மூன்று வயதுக் குழந்தைகள் பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்து 'ஏ ஃபார் ஆப்பிள்' என்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருப்பார்கள். அந்தப் பெயரை யார் வேண்டுமானாலும் மாட்டிக்கொள்ளலாம், தடுப்பாரில்லை. மாற்றலாகி இங்கே வரும் நம் இளம் தம்பதிகள் சங்கத்தில் என்னைப் பார்த்ததும், "சார், குழந்தையை எந்த நர்சரியில் போடலாம்?" என்று கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட இங்கே எழுதிவிடுவது மேல் என்று தோன்றியது.

நான் கல்வியாளன் அல்லன். டிப்ளமா முடித்துவிட்டு ரயில்வேயில் தண்டவாளப் பிரிவில் 38 ஆண்டுகள் கழித்தவன். என் பேத்தி ஒன்றரை ஆண்டாக ஒரு மாண்டிசோரி பள்ளிக்குப் போகிறாள். அவளைக் கொண்டுவிடுவதும் கூட்டி வருவதும் என் பொறுப்பு. ஓய்வு பெற்றவனுக்கு இதைவிட நல்ல டியூட்டி கிடைக்காது.

சென்ற மார்ச்சில் எங்கள் வீட்டில் ஒரு வாக்குவாதம் எழுந்தது. "மாமா, பக்கத்து வீட்டுப் பையன் நூறு வரைக்கும் எழுதறான். இவ இன்னும் ஒரு கிண்ணத்திலிருந்து இன்னொரு கிண்ணத்துக்குத் தண்ணி ஊத்திட்டு இருக்கா" என்றாள் மருமகள். மகனும், "அப்பா, தண்ணி ஊத்தவா இவ்வளவு ஃபீஸ் கட்டறோம்? ஜூனில் வேற ஸ்கூலுக்கு மாத்திடலாம்" என்றான். இருவரும் வேலைக்குப் போகிறவர்கள், அவர்கள் கவலையில் நியாயம் இருந்தது. முடிவு செய்வதற்கு முன் நான் நேரில் பார்த்து வருகிறேன் என்றேன். பள்ளித் தலைவி அனுமதித்தார். நிபந்தனைகள் மூன்று: பேசக்கூடாது, செல்போன் எடுக்கக்கூடாது, எந்தக் குழந்தைக்கும் உதவி செய்யக்கூடாது. மூன்றாவதுதான் கஷ்டம் என்பது உட்கார்ந்த பத்தாவது நிமிடத்திலேயே தெரிந்துவிட்டது.

எட்டரை மணிக்குக் கதவு திறக்கிறது. ஆசிரியை வாசலில் மண்டியிட்டுக் குழந்தையின் கண்ணுக்கு நேராக நின்று, பெயர் சொல்லி வரவேற்கிறார். அவரைக் குழந்தைகள் 'தாயீ' என்கிறார்கள். மராத்தியில் அக்கா என்று பொருள். பெற்றோர் வாசலோடு சரி. செருப்பைக் கழற்றுவது, ஜோடியாக வைப்பது, பையை ஆணியில் மாட்டுவது எல்லாம் குழந்தையின் வேலை. இரண்டே முக்கால் வயதுப் பையன் ஒருவன் செருப்பின் வாரை அவிழ்க்க ஆறு நிமிடம் எடுத்துக்கொண்டான். தாயீ பக்கத்தில் சும்மா நின்றார். எனக்குத்தான் கை பரபரத்தது.

உள்ளே கரும்பலகையைப் பார்க்கும் வரிசை பெஞ்சுகள் கிடையாது. குழந்தையின் தோள் உயரத்துக்குமேல் போகாத திறந்த அலமாரிகள் சுவரோரமாக நிற்கின்றன. இரண்டரை வயது முதல் ஆறு வயது வரை எல்லோரும் ஒரே அறையில் இருக்கிறார்கள். ஒவ்வொரு குழந்தையும் ஒரு சிறிய பாயை எடுத்து விரிக்கிறது, அலமாரியிலிருந்து தனக்கு வேண்டிய பொருளைக் கொண்டுவந்து வைக்கிறது, விரும்பும்வரை அதோடு இருக்கிறது, முடிந்ததும் பொருளை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டுப் பாயைச் சுருட்டி நிறுத்துகிறது. ஒன்பது மணியிலிருந்து பன்னிரண்டு வரை இதுதான் நடக்கிறது. நடுவில் மணி அடிப்பதில்லை. 'கணக்கு முடிந்தது, எல்லோரும் பாட்டுக்கு வாருங்கள்' என்ற அறிவிப்பும் இல்லை. இந்தத் தடையில்லாத மூன்று மணி நேரம்தான் மாண்டிசோரி முறையின் முதுகெலும்பு. அரை மணிக்கு ஒரு பீரியட் என்று துண்டு போடும் பள்ளியின் பலகையில் என்ன எழுதியிருந்தாலும் அது வேறு பள்ளி.

ஒவ்வொரு பொருளும் ஒன்றுதான் இருக்கும். இளஞ்சிவப்புக் கோபுரத்தை வேறொரு குழந்தை வைத்திருந்தால் காத்திருக்க வேண்டும். காசு மிச்சம் பிடிக்கிறார்கள் என்று மகன் நினைத்திருந்தான். காத்திருக்கப் பழகுவதற்காகவே அப்படி வைக்கிறார்கள். அந்தக் கோபுரம் பத்து மரக் கனசதுரங்கள். சின்னது ஒரு சென்டிமீட்டர், பெரியது பத்து சென்டிமீட்டர். அதாவது பெரியதன் கனஅளவு சின்னதைப் போல ஆயிரம் மடங்கு. இந்தக் கணக்கைக் குழந்தைக்கு யாரும் சொல்வதில்லை. தூக்கி வைக்கும் கை அதைத் தெரிந்துகொள்கிறது.

என்னை அசர வைத்தது உருளைக் கட்டை. ஒரு மரக்கட்டையில் பத்துக் குழிகள், அவற்றில் பொருந்தும் பத்து உருளைகள், ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு குமிழ். எல்லாவற்றையும் வெளியே எடுத்துக் கலந்துவிட்டு மறுபடி போட வேண்டும். ஒன்றைத் தவறான குழியில் போட்டால் கடைசியில் ஓர் உருளை இடமில்லாமல் கையில் நிற்கும். யாரும் 'தப்பு' என்று சொல்ல வேண்டியதில்லை, குழந்தையே தேடத் தொடங்கிவிடும். எங்கள் தொழிலில் தண்டவாளங்களின் இடைவெளி 1676 மில்லிமீட்டர். அதை அளக்கக் காங்மேனிடம் ஒரு கேஜ் கொடுத்திருப்போம். இன்ஸ்பெக்டர் வந்து திட்டும்வரை காத்திருக்காமல் அவரே வைத்துப் பார்த்துச் சரிசெய்துகொள்வார். மூன்று வயதுக் குழந்தையின் கையில் அப்படி ஒரு கேஜைக் கொடுத்த அம்மையார் யார் என்று தேடிப் படித்தேன்.

மரியா மாண்டிசோரி 1870-ல் இத்தாலியில் பிறந்தவர். பொறியாளராக வேண்டும் என்று சிறுமியாக இருந்தபோது தொழில்நுட்பப் பள்ளியில் சேர்ந்து படித்திருக்கிறார்! பிறகு மனம் மாறி மருத்துவம் படித்து, 1896-ல் டாக்டரானார். 1907 ஜனவரியில் ரோம் நகரின் ஏழைப் பகுதியான சான் லோரென்ஸோவில் முதல் 'குழந்தைகள் இல்ல'த்தைத் தொடங்கினார். இன்று வசதியுள்ளவர்களின் பள்ளி என்று பெயரெடுத்துவிட்ட இந்த முறை, கூலித் தொழிலாளர் பிள்ளைகளிடத்தில் பிறந்தது.

நம்மோடு அவருக்கு நெருங்கிய உறவு உண்டு. 1939-ல் தியாசபிகல் சங்கத்தின் அழைப்பில் சென்னை அடையாறுக்கு வந்தார். முதல் பயிற்சி வகுப்பில் ஏறக்குறைய 300 பேர். அவர் இத்தாலிய மொழியில் பேச, மகன் மரியோ ஆங்கிலத்தில் சொல்வார். 1940 ஜூனில் இத்தாலி போரில் இறங்கியதும் இருவரும் 'எதிரி நாட்டவர்' ஆனார்கள். மரியோவைப் பிடித்துக் காவலில் வைத்தார்கள். அம்மையாரின் 70-ஆவது பிறந்த நாளான ஆகஸ்ட் 31 அன்று வைஸ்ராய் அவரை விடுவித்தார். பிறகு கொடைக்கானலில் சில ஆண்டுகள் தங்கிக் குழந்தைகளோடு வேலை செய்தார்கள். அவருடைய புகழ்பெற்ற 'தி அப்சார்பன்ட் மைண்ட்' நூல் 1949-ல் அடையாறில்தான் முதலில் அச்சாயிற்று.

சரி, வகுப்பறைக்குத் திரும்புவோம். பத்து மணி வாக்கில் திடீரென்று சலசலப்பு. நாலைந்து பேர் எழுந்து சுற்றுகிறார்கள், ஒருவன் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான், இரண்டு பெண்கள் குசுகுசு. கட்டுப்பாடு போயிற்று என்று நினைத்தேன். தாயீ அசையவில்லை. கால் மணி நேரத்தில் ஒவ்வொருவராக அலமாரிக்குப் போய், முன்னைவிடக் கடினமான ஒன்றை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள். இதற்குப் 'பொய்க் களைப்பு' என்று பெயராம். மாண்டிசோரியே இதைக் கவனித்து எழுதியிருக்கிறார். விவரம் தெரியாத ஆசிரியர் இந்த இடத்தில் புகுந்து எல்லோரையும் பாட்டுப் பாட வைத்துவிடுவார், அதோடு அன்றைய பெரிய வேலை போச்சு. கனமான ரயிலைத் தூக்குவதற்கு முன் எங்கள் காங்மேன்கள் பீடி பற்ற வைத்து உட்காருவார்கள். அப்போது விரட்டும் மேஸ்திரியிடம் வேலை நடக்காது.

சிற்றுண்டிக்கும் மணி இல்லை. ஒரு மூலையில் சின்ன மேசை, இரண்டு நாற்காலி. பசித்தவர் போய், வாழைப்பழத்தை மழுங்கிய கத்தியால் நறுக்கி, தின்று, தட்டைக் கழுவி வைத்துவிட்டு வரவேண்டும். என் பேத்தியும் ஒருத்திக்காகக் காத்திருந்து, தன் முறை வந்ததும் உட்கார்ந்தாள். ஜாடியிலிருந்து தம்ளரில் தண்ணீர் ஊற்றினாள். ஒரு சொட்டு மேசையில் விழுந்தது. அவளே துணி எடுத்துத் துடைத்துவிட்டு, துணியைக் கொடியில் காயப் போட்டாள். வீட்டில் அவள் தண்ணீர் கேட்டால் நாங்கள் மூன்று பேர் ஓடுகிறோம்.

பன்னிரண்டுக்குச் சற்று முன் மௌன விளையாட்டு. எல்லோரும் கண் மூடி அசையாமல் உட்காருகிறார்கள். தாயீ பின்னால் போய் நின்று, மூச்சளவு குரலில் ஒரு பெயரைச் சொல்கிறார். அந்தக் குழந்தை நாற்காலி முனகாமல் எழுந்து, பூனை போல நடந்து அவரிடம் போக வேண்டும். 26 குழந்தைகள். சுவர்க் கடிகாரம் துடிப்பது எனக்குக் கேட்டது. கடைசிப் பெயருக்குக் காத்திருந்த நாலு வயதுப் பையனின் பொறுமையை எந்த டிவிஷனல் மீட்டிங்கிலும் நான் பார்த்ததில்லை.

வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் சொன்னேன். மருமகளையும் ஒரு நாள் லீவு போட்டுவிட்டுப் போய் உட்காரச் சொன்னேன். போய் வந்தவள், "மாமா, தண்ணி ஊத்தறப்போ பிடிக்கிற மாதிரிதான் அந்தக் குமிழையும் பிடிக்கறா. பென்சிலும் அதே மூணு விரல்தான்" என்றாள். அதை நான் கவனிக்கவில்லை. முதல் வகுப்பு அட்மிஷன் என்ன ஆகும் என்ற பயம் மகனுக்கு இன்னும் இருக்கிறது. 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 13-ஆம் பிரிவு, சேர்க்கைக்காகக் குழந்தையையோ பெற்றோரையோ தேர்வு வைத்துச் சலிப்பதைத் தடை செய்கிறது. 2020 கல்விக் கொள்கையும் ஆறு வயதுக்குப் பிறகே முதல் வகுப்பு என்கிறது. ஏட்டில் உள்ளது எல்லாப் பள்ளி வாசலிலும் நடக்கிறது என்று நான் சொல்ல மாட்டேன். இருந்தாலும் ஜூனில் அவளை மாற்றவில்லை.

கட்டணம் அதிகம் என்பது உண்மைதான். ஆனால் இந்த மகாராஷ்டிரத்திலேயே தாராபாய் மோடக் என்ற அம்மையார் 1945 முதல் போர்டி கிராமத்தில், பிறகு கோஸ்பாடில், கூழாங்கல்லையும் கிளிஞ்சலையும் இலையையும் வைத்தே ஆதிவாசிக் குழந்தைகளுக்கு இதே வழியில் சொல்லிக்கொடுத்தார். சாமான் பாதி, ஒழுங்கு பாதி.

நமக்கு முக்கியமான ஒரு செய்தி பாக்கி. வேறொரு நர்சரியில் விசாரிக்கப் போனபோது, "வீட்டில் ஆங்கிலமே பேசுங்கள்" என்றார்கள். பேத்தியின் தாயீ இதற்கு நேர்மாறு: "உங்கள் மொழியிலேயே நிறையப் பேசுங்கள், கதை சொல்லுங்கள். மற்ற மொழிகள் இங்கே தானாக வரும்." ஆறு வயதுவரை குழந்தையின் மனம் மொழியை உறிஞ்சிக்கொள்கிறது என்பதே அந்த அடையாறு நூலின் சாரம். தெருவில் இந்தியும் மராத்தியும் இருக்கின்றன. மராத்தியில் 'ள' உண்டு, அதை நம் பிள்ளைகள் விளையாட்டிலேயே பிடித்துக்கொள்கிறார்கள். 'ழ' நம் வீட்டிலிருந்துதான் வர வேண்டும்.

அங்கே எழுத்து கற்பிப்பது உப்புத்தாளால். அட்டையில் ஒட்டிய சொரசொரப்பான எழுத்தை ஆள்காட்டி விரலாலும் நடுவிரலாலும் தடவிக்கொண்டே அதன் ஒலியைச் சொல்ல வேண்டும். நம் திண்ணைப் பள்ளியில் மணலில் விரலால் எழுதியதற்கு இது தூரத்துச் சொந்தம். ஆங்கிலத்தில் எழுத்தின் பெயர் ஒன்று, ஒலி வேறு. தமிழில் 'அ' என்றால் 'அ'தான். ஒரே 'க' கல்லில் ஒரு மாதிரியும் தங்கத்தில் ஒரு மாதிரியும் ஒலிக்கிறதே என்றால், பேசத் தெரிந்த குழந்தைக்கு அது சிக்கலே இல்லை. உயிர் நீல அட்டை, மெய் இளஞ்சிவப்பு அட்டை என்று 30 அட்டைகள் செய்தேன். ஒரு நாளைக்கு இரண்டு எழுத்துக்குமேல் எடுப்பதில்லை. 'இது அ, இது ஆ' என்பது முதல் படி. 'ஆ எது, காட்டு' என்பது இரண்டாம் படி. 'இது என்ன?' என்பது மூன்றாவது. மூன்றாவதில் தடுமாறினால் திருத்தாமல் எடுத்து வைத்துவிட்டு மறுநாள் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

அந்த அட்டைகளைச் சங்க நூலகத்தில் ஞாயிறு காலைத் தமிழ் வகுப்பின்போது பார்க்கலாம், மாதிரி எடுத்துக்கொள்ளலாம். 120-ஆம் நம்பர் உப்புத்தாள் போதும், 80 பிஞ்சு விரலைத் தேய்த்துவிடும். எழுத்தைத் தாளின் பின்பக்கம் இடவலம் மாற்றி வரைந்து பிளேடால் வெட்டுங்கள். 'இ' வெட்டத்தான் பொறுமை வேண்டும், அதை இரண்டு தாளில் முயன்று பாருங்கள்.