கோப்பைக்குள் வளிமண்டலம்

சீனன்குடா விமான ஓடுதளம் கடல்மட்டத்திலிருந்து 2 மீற்றர் உயரத்தில்தான் கிடக்கிறது. 1942 ஏப்ரல் 9 காலை ஜப்பானியர் திருகோணமலையைத் தாக்க வந்தபோது, பிரிட்டிஷ் விமானப்படையின் 261ஆம் அணியைச் சேர்ந்த ஹரிகேன் விமானங்கள் இங்கிருந்துதான் மேலெழுந்தன. அன்று ஜப்பானிய விமானம் ஒன்று பக்கத்துக் காட்டிலிருந்த எண்ணெய்க் குதத்தின் மீது விழுந்து வெடித்தது. வெந்து சுருண்ட அந்தக் குதத்தின் இரும்புத் தகடுகள் இன்றும் அப்படியே கிடக்கின்றன. இவ்வளவு வரலாறு உள்ள மண்ணில் பொதுமக்களுக்கென ஒரு விமான அருங்காட்சியகம் எழ வேண்டும். இப்போதைக்கு விமானப்படையின் அருங்காட்சியகம் ரத்மலானையில்தான். சீனன்குடாவில் இளம் அதிகாரிகள் பயிற்சி பெறுகிறார்கள்.

அமெரிக்காவின் சியாட்டில் நகரிலுள்ள விமான அருங்காட்சியகம் 'ஹொப்ஸ் அண்ட் புரொப்ஸ்' என்ற பெயரில் பியர் சுவைக்கும் திருவிழாக்களை நடத்தியிருக்கிறது. கூரையிலிருந்து டிசி-3 விமானம் தொங்கும். தரையில் கன்னங்கரிய எம்-21 விமானம் நிற்கும். நடுவே சிறு கோப்பைகளுடன் மக்கள் உலவுவார்கள். பொருந்தாக் கூட்டணி போலத் தெரியும். ஆனால் அமுக்கம், குளிர், இரைச்சல் என்று விமானப் பொறியியலாளர் கணக்கிடும் மூன்றுமே பியரின் சுவையையும் தீர்மானிக்கின்றன.

1944 ஜூனில் நேச நாட்டுப் படைகள் நோர்மண்டிக் கரையில் இறங்கியதும், இங்கிலாந்திலிருந்து அவர்களுக்கு பியர் கொண்டுபோன வாகனம் ஸ்பிட்ஃபயர் போர் விமானம். இறக்கைகளுக்குக் கீழே குண்டு மாட்டும் கொளுவியில் மரப்பீப்பாய்களைத் தொங்கவிட்டார்கள். சிலர் கூடுதல் எரிபொருள் தாங்கியைக் கழுவி அதிலேயே நிரப்பினார்கள்; குடித்தவர்கள் உலோக வாடை அடித்ததாகச் சொன்னார்கள். மேலே போகப் போக, 1000 மீற்றருக்குச் சுமார் 6.5 பாகை செல்சியஸ் வீதம் காற்றின் வெப்பநிலை குறைகிறது. சீனன்குடாவில் 30 பாகை கொளுத்தும் நேரத்தில் 3000 மீற்றர் மேலே ஏறினால் ஏறத்தாழ 10 பாகைதான் இருக்கும். ஆங்கிலக் கால்வாயைத் தாண்டும் குறுகிய பயணத்தில் ஒரு முழுப் பீப்பாய் நடுவரை குளிர்ந்திருக்க முடியாது. ஆனாலும் வெயிலில் வாடிய படைவீரனுக்கு அந்த அரைக் குளிரே பெரிய காரியம்.

குளிர் ஏன் முக்கியம்? 1803இல் வில்லியம் ஹென்றி கண்ட விதிப்படி, ஒரு திரவத்தில் கரையும் வாயுவின் அளவு அதன் மேலுள்ள அந்த வாயுவின் அமுக்கத்துக்கு நேர்விகிதமானது. வெப்பம் கூடினால் கரைதிறன் குறையும். வளிமண்டல அமுக்கத்தில், 0 பாகையில் ஒரு லீற்றர் தண்ணீரில் சுமார் 1.7 லீற்றர் காபனீரொட்சைட்டு கரையும்; 30 பாகையில் அதில் பாதி கூடக் கரையாது. சூடேறிய போத்தலைத் திறந்ததும் நுரை பீறிட்டு மேசையெல்லாம் வழிவது இதனால்தான்.

இனி அமுக்கத்தைப் பார்க்க நுவரெலியாவுக்கு வருவோம். 1881இல் தொடங்கி நூறாண்டுக்கு மேல் அங்கே பியர் வடிக்கப்பட்டது. பின்னர் ஆலை பியகமவுக்கு இறங்கியது. நகரம் ஏறத்தாழ 1870 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கே வளியமுக்கம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஐந்தில் நான்கு பங்குதான். பயணிகள் விமானம் 11 கிலோமீற்றர் உயரத்தில் பறந்தாலும், உள்ளறையில் 1800 முதல் 2400 மீற்றர் வரையிலான உயரத்துக்குரிய அமுக்கத்தையே பேணுவார்கள். அதாவது விமானத்தில் அமர்ந்திருப்பவர், அமுக்கத்தைப் பொறுத்தவரை, நுவரெலியாவில் இருக்கிறார். அங்கே அதே குமிழி சீனன்குடாவில் இருப்பதைவிடக் கால்வாசி பெருத்திருக்கும்.

அப்படியானால் நுவரெலியாவில் குறையாத ருசி விமானத்தில் மட்டும் ஏன் குறைகிறது? ஜேர்மனியின் ஃபிரவுன்ஹோபர் நிறுவனம் லுப்தான்சாவுக்காக ஒரு பழைய ஏர்பஸ் உடற்பகுதியை அமுக்க அறைக்குள் வைத்துச் சோதித்தது. குறைந்த அமுக்கம், வறண்ட காற்று, என்ஜின் இரைச்சல் மூன்றும் சேர்ந்தபோது உப்பும் இனிப்பும் நாக்குக்கு மங்கின. வறண்ட மூக்கு வாசனையைப் பிடிக்காது. பியரின் பெரும்பகுதி வாசனையே. இரைச்சலும் சும்மா இருப்பதில்லை. பெருத்த ஒலி இனிப்பை மட்டுப்படுத்துவதை கோர்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015இல் காட்டினார்கள். ஈரக் காற்றும் அமைதியும் உள்ள மலைநாட்டில் இந்தத் தொல்லைகள் இல்லை.

2017இல் கத்தே பசிபிக் நிறுவனம் விமானத்துக்கென்றே ஒரு பியர் வடித்தது. தேனும் லோங்கன் பழமும் சேர்ந்த அதற்கு 'பெட்சி' என்று பெயர். நிறுவனத்தின் முதல் டிசி-3 விமானத்தின் பெயர் அது. அந்த விமானம் இப்போது ஹொங்கொங் அறிவியல் அருங்காட்சியகத்தில் தொங்குகிறது. லோங்கன் நமக்கு அந்நியமான பழமல்ல. இலங்கைக் காடுகளில் விளையும் மோராப் பழமும் அதே இனந்தான்.

மலையேறிகள் சொல்லும் ஒரு விசித்திரமும் உண்டு. உயர நோய்க்கு அசெட்டசோலமைட் மாத்திரை போட்டவர்களுக்கு பியர் சப்பென்று இருக்கும், குமிழிகள் நிறைந்திருந்தாலும். காரணம் 2009இல் தெளிவானது. புளிப்பை உணரும் நாக்கு உயிரணுக்களில் உள்ள ஒரு நொதியம்தான் காபனீரொட்சைட்டின் சுவையை அறியத் துணைசெய்கிறது. இந்த மாத்திரை அந்த வகை நொதியங்களை முடக்குகிறது. சுறுசுறுவென்ற உணர்வை நாம் குமிழி உடைவதால் வருவதென்று நம்பியிருந்தோம். அதில் நல்ல பங்கு வேதியியலுடையது.

சுவை ஒருபுறமிருக்க, உடல்நலம் இன்னும் முக்கியம். ஜேர்மன் விண்வெளி மையம் 2024இல் வெளியிட்ட ஆய்வில், ஆரோக்கியமான இளையவர்களை மது அருந்தச் செய்து, விமான உள்ளறைக்குரிய அமுக்கத்தில் உறங்கவைத்தார்கள். அவர்களின் இரத்த ஒட்சிசன் செறிவு சுமார் 85 வீதத்துக்கு இறங்கியது; உறக்கத்திலேயே இதயத் துடிப்பு நிமிடத்துக்கு 88 வரை ஏறியது. நீண்ட பயணங்களில் மது வழங்குவதைக் கட்டுப்படுத்துவது பற்றி யோசிக்க வேண்டும் என்று ஆய்வாளர்கள் எழுதினார்கள். இதயமோ நுரையீரலோ பலவீனமான பயணிகளுக்கு அந்த எச்சரிக்கை இன்றே பொருந்தும்.