மண்வெட்டி ஏந்தும் யாத்திரை

நம்மவர் பிள்ளைகள் அயல்நாடு செல்வது இந்நாளில் புதுமையன்று. மேற்படிப்புக்கும் உத்தியோகத்துக்கும் செல்வோர் பலர். ஆனால் பட்டம் பெற்ற மகன், "வெளிநாட்டுப் பண்ணை ஒன்றில் ஒரு மாதம் களையெடுக்கப் போகிறேன், சம்பளம் கிடையாது, சாப்பாடும் தங்குமிடமும் உண்டு" என்று சொன்னால் வீட்டில் அனைவரும் திகைத்துப் போகின்றனர். "இதற்காகவா உன்னைப் படிக்க வைத்தோம்?" என்று தாயார் கேட்பதும் இயல்பே. இம்முறை எங்கே தோன்றியது, எவ்வாறு நடைபெறுகிறது, இதில் இடர் எது என்பவற்றை அறிந்துகொண்டால் திகைப்பு நீங்கும், எச்சரிக்கையும் பிறக்கும்.

1971-ஆம் ஆண்டில், லண்டனில் காரியதரிசியாக வேலை பார்த்த ஸூ காப்பர்ட் என்னும் பெண்மணிக்கு ஓர் ஏக்கம் இருந்தது. நகரத்தில் வாழ்வோர் கிராமத்து மண்ணைத் தொட்டுப் பார்க்க வழியில்லையே என்பதே அது. சஸ்ஸெக்ஸ் பகுதியில் எமர்சன் கல்லூரியைச் சேர்ந்த பண்ணையில் சனி, ஞாயிறு தங்கி உழைக்க அவர் ஏற்பாடு செய்தார். உடன் சென்றவர் சிலரே. ரசாயன உரத்தை விலக்கிய பண்ணைகளுக்கோ கை உழைப்பு மிகுதியாகத் தேவை. இரு தரப்பாரின் தேவையும் பொருந்தவே, 'வூஃப்' எனச் சுருக்கமாக வழங்கும் இயக்கம் வளர்ந்தது. இன்று இந்தியா உள்ளிட்ட பல நாடுகளில் அதற்குக் கிளைகள் உண்டு.

முறை எளியது. சந்தா செலுத்தி உறுப்பினரானால் பண்ணைகளின் பட்டியல் கிடைக்கும். விரும்பிய பண்ணைக்கு எழுதிச் சம்மதம் பெறவேண்டும். நாளொன்றுக்குச் சுமார் நான்கு முதல் ஆறு மணி நேரம் களையெடுத்தல், அறுவடை, எருக்குழி கிளறுதல், வேலி கட்டுதல் போன்ற வேலைகள் இருக்கும். பண்ணையார் கூலி கொடுப்பதில்லை. தொண்டர் வாடகை கொடுப்பதில்லை.

இந்தக் கல்விக்கு நம் நாட்டோடு உள்ள உறவு பலர் அறியாதது. கரோல் பாக் வாசிகளுக்குப் பூசா என்பது பக்கத்து இடம். அங்குள்ள வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் முதலில் பீகாரிலுள்ள பூசாவில் இருந்தது. 1934-ஆம் ஆண்டு பூகம்பத்தில் கட்டடம் சேதமுற்றதால், 1936-இல் பெயரோடு டில்லிக்கு வந்து சேர்ந்தது. அந்தப் பழைய பூசாவுக்கு 1905-இல் வந்தவர் ஆல்பர்ட் ஹோவர்ட் என்னும் ஆங்கில விஞ்ஞானி. அவர் நம் குடியானவர்களையே தமக்கு ஆசிரியர்களாகக் கொண்டார். பின்னர் இந்தூரில், பயிர்க்கழிவையும் சாணத்தையும் மண்ணையும் சாம்பலையும் அடுக்கி, நீர் தெளித்துக் கிளறி, ஏறக்குறைய மூன்று மாதங்களில் எருவாக்கும் முறையை வகுத்தார். 'இந்தூர் முறை' என்று உலகெங்கும் பரவியது அதுவே. அயல்நாட்டுப் பண்ணையில் நம் பிள்ளை கிளறப்போகும் எருக்குழியில் நம் பாட்டனார் கைவண்ணமும் கலந்திருக்கிறது. ஆகவே மண்வெட்டி பிடிப்பதில் இழிவு ஏதுமில்லை.

இடர் வேறிடத்தில் இருக்கிறது. பயணச் சீட்டில் அச்சிட்ட விதியைப் படியாமல் வண்டியேறி, பரிசோதகரிடம் வாதாடுவோரை ரயில்வே குமாஸ்தாவாகிய நான் நன்கு அறிவேன். அயல்நாட்டுக் குடிவரவு அதிகாரியிடம் அந்த வாதம் செல்லாது. தொண்டு என்று நாம் கருதுவதைச் சட்டம் வேலை என்று கருதலாம். இவ்வியக்கத்தின் பழைய ஆங்கிலப் பெயரில் 'வேலை' என்ற சொல் இருந்தது. சில நாடுகளின் குடிவரவு அதிகாரிகள் ஐயுறவே, அச்சொல் பின்னர் நீக்கப்பட்டது. நியூஸிலாந்தில் உணவும் படுக்கையும்கூடக் கூலியாகவே கொள்ளப்படும். அங்கே வெறும் சுற்றுலா விசாவுடன் சென்று உழைத்தல் கூடாது. ஆஸ்திரேலியாவில் கூலியில்லாப் பண்ணை உழைப்பைக் காட்டி விசாவை நீட்டிக்கும் வழி முன்பு இருந்தது. தொண்டின் பெயரால் இளைஞரைச் சுரண்டுவோர் பெருகியதால் 2015-இல் அவ்வழி அடைக்கப்பட்டது. 2024 முதல் 18 வயதிலிருந்து 30 வயது வரையுள்ள இந்தியருக்கு, ஆண்டுக்கு 1000 பேர் என்ற அளவில், உழைத்துக்கொண்டே ஊர் சுற்றும் விசா ஒன்றை அந்நாடு குலுக்கல் முறையில் அளிக்கத் தொடங்கியது.

ஆதலின் பெற்றோர் செய்யவேண்டியவை சில. போகும் நாட்டின் தூதரகத்தில் விசா விதியைக் கேட்டறிக. வேலை நேரம், ஓய்வு நாள், தங்கும் அறை ஆகியவற்றைப் பண்ணையாரிடம் எழுத்தில் பெறுக. அங்கே முன்பு தங்கியவர் கருத்தை விசாரிக்க. மருத்துவக் காப்பீடும், திரும்பி வருவதற்கான டிக்கெட்டும், இடம் பிடிக்காவிடில் உடனே வெளியேறக் கையில் பணமும் இருக்கட்டும். பாஸ்போர்ட்டை எவரிடமும் ஒப்படைத்தல் ஆகாது.

இவற்றுக்கெல்லாம் முன்பாக உள்நாட்டில் ஓர் ஒத்திகை பார்த்தல் சிலாக்கியம். டில்லியிலிருந்து ஓர் இரவு ரயில் பயணத்தில் டேராடூன். அதனருகே வந்தனா சிவா நிறுவிய நவதான்யப் பண்ணை உள்ளது. கரூர் மாவட்டம் கடவூர் அருகே, 2013-இல் மறைந்த நம்மாழ்வார் அமைத்த வானகம் இருக்கிறது. ஆரோவில்லை அடுத்த வறண்ட செம்மண்ணில், இஸ்ரேலிலிருந்து வந்த ஒரு தம்பதியர் 2003-இல் தொடங்கிய சாதனா வனத்தில் பல தேசத்துத் தொண்டர்கள் மரம் வளர்த்திருக்கின்றனர். அயல்நாட்டார் நம் மண்ணை நாடி வருகையில், நம் பிள்ளைகளும் அங்கே பத்து நாள் தங்கிப் பார்க்கலாம்.

நம்மில் பலருக்குச் சொந்த ஊரில் குத்தகைக்கு விட்ட காணி நிலமாவது உண்டு. விடுமுறைக்குப் போகும்போது பிள்ளைகளை அதன் வரப்பில் நடத்திச் செல்வோம். குத்தகைக்காரருடன் ஒரு காலைப்பொழுது நாற்று நடட்டும். முதுகு வலித்த பின்னும் ஆவல் குன்றாதிருந்தால், அப்பிள்ளையை எந்த நாட்டுப் பண்ணைக்கும் துணிந்து அனுப்பலாம்.