காது கேட்காவிட்டால் வேலை இல்லையா?



எங்க பெரியப்பா பொண்ணுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. காது கேளாதோர் பள்ளியில் விடுதியில் தங்கிப் படித்து +2 பாஸ் பண்ணினாங்க. அப்புறம் ஒன்றரை வருஷம் வீட்டிலேயே இருந்தாங்க. அவிநாசிபாளையத்தில் இருந்து பஸ் ஏறினால் திருப்பூர். அங்கே இத்தனை பனியன் கம்பெனி இருந்தும் ஏன் இப்படி? யோசித்தபோது மூன்று தடைகள் தெரிந்தன.

1. பேச்சு: அந்தப் பள்ளியில் எல்லோருக்கும் சைகை மொழி தெரியும். வெளியே வந்தால் யாருக்கும் தெரியாது. வேலை கேட்கப் போனாலும் அக்காவிடம் கேட்காமல் பெரியப்பாவிடமே கேள்வி கேட்டார்கள்.

2. பயம்: ஒரு கம்பெனியில் "கூப்பிட்டா கேக்காதுங்க, மெஷின்கிட்ட ஆபத்து" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். எங்க அம்மா ஓவர்லாக் டெய்லர். அவங்க சொன்னாங்க: "மெஷின் ஓடுற சத்தத்துல யாருக்குடா காது கேக்குது? நாங்களே கையைக் காட்டித்தான் பேசிக்கறோம்." இது உண்மைதானே! தீ விபத்து மணியோடு மின்னும் விளக்கும் மாட்டினால் அந்த ஆபத்தும் குறையும்.

3. விவரம் தெரியாமை: மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-இல் வந்தது. அதில் 21 வகைக் குறைபாடுகள் உள்ளன. அரசு வேலையில் 4 சதவீத இடம் ஒதுக்க வேண்டும். அதில் 1 சதவீதம் காது கேளாதவர்களுக்கு. தனியார் கம்பெனிக்கு இந்த ஒதுக்கீடு கட்டாயம் இல்லை. ஆனால் எல்லா நிறுவனமும் சம வாய்ப்புக் கொள்கையை வெளியிட வேண்டும் என்று அதே சட்டம் சொல்கிறது. தனித்துவ அடையாள அட்டை வாங்கணும், வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதியணும் என்பதெல்லாம் எங்க வீட்டில் யாருக்குமே தெரியாது. மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் போய்க் கேட்ட பிறகுதான் தெரிந்தது.

இப்போது அக்கா வேறொரு கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கறாங்க. ஓட்டை, கறை, தையல் விட்ட இடம் பார்க்கக் கண்தானே வேண்டும்? முதல் வாரம் சூப்பர்வைசர் எல்லாவற்றையும் பேப்பரில் எழுதிக் காட்டினாராம். இப்போ அந்த டேபிளில் இருக்கும் எல்லோரும் பத்துப் பன்னிரண்டு சைகை கற்றுக்கொண்டார்கள். சனிக்கிழமை சம்பளத்தில் எனக்கு ஒரு ஜாமெண்ட்ரி பாக்ஸ்கூட வந்தது!

நண்பர்களே, அக்காவுக்குக் காது இன்றும் கேட்காது. மாறியது சுற்றி இருந்தவர்கள்தான். நம்மில் பலர் நாளைக்குக் கம்பெனிக்குத்தான் போகப் போகிறோம். யாராவது சூப்பர்வைசர் ஆவோம், முதலாளியும் ஆவோம். அப்போது இப்படி ஒருத்தர் வந்து நின்றால், கூட வந்தவரைப் பார்க்காமல் அவரைப் பார்த்துக் கேளுங்கள்: "உங்களுக்கு என்ன வேலை தெரியும்?"



10-ஆம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவன்