களைத்துப்போனவர்க்கும் ஏரிக்கரை வேண்டும்

மதுராந்தகம் வட்டாரத்தில் எங்களோடு களப்பணி செய்யும் தங்கை ஒருவர். வயது இருபத்தாறு. வன்கொடுமை நடந்த ஊர்களுக்குப் போய், பாதிக்கப்பட்டவர்கள் சொல்வதைக் கேட்டு எழுதி வருவது அவர் வேலை. ஒருநாள் வந்து, "நாலு மாசமா தூக்கமில்லண்ணா. பேனா எடுத்தாலே கை நடுங்குது. வேலைய விட்டுடறேன்" என்றார்.

காவல் நிலையம், வட்டாட்சியர் அலுவலகம், நீதிமன்றம் என்று அலைகிறவர்களுக்கு இது புதிதல்ல. நாம் எழுதிக்கொள்வது யாரோ ஒருவரின் துயரத்தை அல்ல. நம் வீட்டிலும் நடந்ததை, நாளை நடக்கக்கூடியதை. சம்பளம் குறைவு. திட்ட நிதி நின்றால் அதுவும் இல்லை. மக்களுக்காக உழைக்கிறவர் களைப்பைப் பற்றிப் பேசலாமா என்ற கூச்சம் வேறு. ஆனால், சரிவரக் கையாளப்படாத நீண்ட நாள் பணி அழுத்தத்தின் விளைவே பணிச்சோர்வு என்று 2019இல் உலக சுகாதார நிறுவனம் வரையறுத்தது. அதை ஆளின் பலவீனம் என்று அது சொல்லவில்லை.

அதே ஆண்டு இங்கிலாந்தில் சுமார் 20,000 பேரிடம் நடத்திய ஆய்வொன்று வெளியானது. வாரத்தில் 2 மணி நேரமாவது இயற்கைச் சூழலில் கழிப்பவர்கள், தங்கள் உடல்நலமும் மனநிறைவும் நன்றாக இருப்பதாகக் கூடுதலாகச் சொன்னார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆறு பேர் வேடந்தாங்கல் போனோம். தண்ணீரில் நிற்கும் கடப்ப மரங்களில் நத்தைக்குத்தி நாரைகளும் கூழைக்கடாக்களும் கூடு கட்டியிருந்தன. இரண்டு மணி நேரம் யாரும் வழக்கைப் பற்றிப் பேசவில்லை. திரும்பும்போது பேருந்திலேயே அந்தத் தங்கை தூங்கிவிட்டார்.

இறங்கும்போது கேட்டேன்: "உங்க ஊர்லயும் ஏரி இருக்கே, சாயங்காலம் போய் உக்காரலாமே?"

"ஏரி ஊர்ப்பக்கம் இருக்குண்ணா. கரையில உக்காந்தா, சேரிப் பொண்ணுக்கு இங்க என்ன வேலைன்னு கேப்பாங்க."

எனக்குப் பேச்சு வரவில்லை. பொதுக்குளத்து நீரை அள்ளிக் குடிக்கும் உரிமைக்காக 1927 மார்ச் 20 அன்று அண்ணல் அம்பேத்கர் மகாடில் ஆயிரக்கணக்கானோரோடு நடந்தார். ஆறு, கிணறு, குளம் போன்ற பொதுச் சொத்துகளைச் சாதி காரணமாகப் பயன்படுத்தவிடாமல் தடுப்பது குற்றம் என்று, 2015இல் திருத்தப்பட்ட வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் சொல்கிறது. ஆனாலும், மனம் ஆற ஒரு கரையில் உட்காருவதற்கே நம் பிள்ளைகள் தயங்க வேண்டியிருக்கிறது.

அடுத்த மாதக் கூட்டத்தை அந்த ஏரிக்கரையிலேயே வைத்தோம். பதினோரு பேர். வழியில் போன பெரியவர் ஒருவர் நின்று, "எங்க வந்தீங்க?" என்றார். பதில் சொன்னது அந்தத் தங்கைதான்: "ஏரியப் பாக்க வந்தோம்." அவர் ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார். அந்தத் தங்கை இன்றும் எங்களோடு வேலையில் இருக்கிறார்.

தொண்டு நிறுவனங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஏரிக்கரை, விடுப்புக்கும் நியாயமான சம்பளத்துக்கும் ஈடாகாது. கடும் வழக்கு ஒன்றை முடித்தவருக்குச் சில நாள் ஓய்வு கொடுங்கள். தூக்கமின்மை நீடித்தால் அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அனுப்புங்கள். 14416 என்ற அரசின் இலவச எண்ணிலும் பேசலாம். களப்பணிக்கு வர நினைக்கும் மாணவர்களே, ஓய்வெடுப்பது போராட்டத்தை விட்டு ஓடுவதல்ல. உங்கள் ஊர் ஏரிக்கரையில் நாலு பேராகச் சேர்ந்து போய் உட்காருங்கள். அது உங்களுக்கும் சொந்தம்.