ராஜாவும் டிக்கிரியும்

கண்டி தலதா மாளிகை வளாகத்தில், ராஜாவுக்கென்றே ஒரு நூதனசாலை இருக்கிறது. ஏறாவூர்க் காட்டில் பிடிபட்டு, 1937இல் மாளிகைக்குக் காணிக்கையாக வந்த கொம்பன் யானை அவன். ஐம்பது ஆண்டுகள் போல எசல பெரஹரா ஊர்வலத்தில் நடந்தான். புனித தந்தப் பேழையைச் சுமக்கும் பேறும் பெற்றான். 1986இல் ஜனாதிபதி ஜே.ஆர். ஜயவர்தன அவனைத் தேசியச் சொத்தாக அறிவித்தார். 1988 ஜூலையில் இறந்தவனைப் பதப்படுத்தி இன்றுவரை பேணுகிறார்கள். அத்தனை பாசம்.

இந்தப் பாசம் மனிதனின் உடம்புக்கும் நல்லது என்று மருத்துவ உலகம் பேசத் தொடங்கியது 1980இல். இதய நோய்க்குச் சிகிச்சை பெற்று வீடு திரும்பிய 92 பேரை அமெரிக்காவில் எரிகா ஃப்ரீட்மன் குழுவினர் ஓராண்டு கவனித்தார்கள். வளர்ப்புப் பிராணி வைத்திருந்த 53 பேரில் 3 பேர் இறந்தார்கள்; இல்லாத 39 பேரில் 11 பேர். சிறிய ஆய்வுதான். பின்னால் வந்தவை எல்லாம் இதையே சொல்லவுமில்லை. ஆனாலும் கட்டுகஸ்தோட்டையில், மகாவலித் தண்ணீரில் ஒருக்களித்துப் படுத்த யானையின் முதுகைப் பாகன் தேங்காய்ப் பொச்சால் தேய்த்துக் குளிப்பாட்டுவதைப் பார்த்தவர்களுக்கு ஆய்வு எதற்கு? இரண்டு பேருக்கும் உடம்பு இளகிக் கிடக்கும்.

அந்த நன்மை ஒருபக்கமாகிவிட்டால் அது உறவல்ல, சுரண்டல். 2019 ஆகஸ்டில் டிக்கிரி விஷயத்தில் நடந்தது அதுதான். எழுபது வயதுப் பெண் யானை. தலையிலிருந்து கால்வரை மூடிய சோடனையோடு பெரஹராவில் நடத்தினார்கள். சோடனையைக் கழற்றி எடுத்த படத்தில் விலா எலும்புகளை எண்ணலாம். வீதியோரம் கைகூப்பி நின்றவர்களுக்கு அது தெரிந்திருக்காது. செப்டெம்பரில் டிக்கிரி செத்துப்போனது.

2021இல் அரசு புதிய விதிகள் கொண்டுவந்தது. யானைக்குத் தினமும் இரண்டரை மணி நேரக் குளிப்பு, மரம் இழுக்கும் யானைக்கு நாளுக்கு நாலு மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது, ஆறு மாதத்துக்கொருமுறை மருத்துவப் பரிசோதனை, பணி நேரத்தில் பாகன் குடிக்கக் கூடாது. குட்டிகளை வேலைக்கு விடவும் தடை. எல்லாம் தேவையான விதிகள்தான். பாகனுக்கும் அவை பாதுகாப்பு. வலியில் நிற்கும் யானையின் காலடியில் முதலில் இருப்பவன் அவனல்லவா?

இந்த எசலவுக்குக் கண்டி போகிறவர்கள் சோடனையை மட்டும் பார்த்துவிட்டு வராதீர்கள். யானையின் கால்களைப் பாருங்கள், நடையைப் பாருங்கள். புண்ணோ நொண்டலோ தெரிந்தால் வனஜீவராசிகள் திணைக்களத்துக்கு அன்றைக்கே அறிவியுங்கள்.