அறம் பிழைத்தால் அழகு குறையுமா?

ஒரு கலைப்படைப்பில் தீய செயல் இடம்பெற்றால் அதன் அழகு குறைந்துவிடுமா? இலக்கியமும் ஓவியமும் கற்பிக்கும் நம் முன் அடிக்கடி எழும் வினா இது. பாரூர் அமைந்துள்ள எங்கள் கிருஷ்ணகிரி மாவட்டத்திலேயே இதற்கு இரண்டு சான்றுகள் உள்ளன.

முதலாவது, தெருக்கூத்து. திரௌபதி அம்மன் கோயில் திருவிழாக்களில் விடிய விடிய நடக்கும் பாரதக் கூத்தில் 'துகிலுரிதல்' முக்கியமானது. நிறைந்த சபையில் ஒரு பெண்ணை இழிவுபடுத்துவது பெருங்கொடுமை. ஆனால் கூத்து அதைக் காட்டுகிறதே தவிர, கொண்டாடுவதில்லை. துச்சாதனன் வேடமிட்டவர் அம்மனிடம் மன்னிப்பு வேண்டிய பிறகே சேலையைத் தொடும் வழக்கம் உண்டு. பாரதியாரின் பாஞ்சாலி சபதமும் இக்கொடுமையைப் பாடுகிறது. வேடிக்கை பார்த்து நின்ற ஊராரையும் சாடுகிறது. இதே காட்சியைப் பாஞ்சாலியைக் கேலி செய்யும்படி நடித்தால் என்னவாகும்? பார்ப்பவருக்கு இரக்கமும் வராது, சினமும் வராது. காட்சியே தோற்றுவிடும். அங்கே அறப்பிழை கலைப்பிழையாகவும் ஆகிறது.

இரண்டாவது, நடுகல். எங்கள் மாவட்டத்தில் கிடைத்த நடுகற்கள் பலவற்றைக் கிருஷ்ணகிரி அரசு அருங்காட்சியகத்தில் காணலாம். மாவட்டத்தில் சதிக்கற்களும் உண்டு. போரில் மாண்ட வீரனுக்கு அருகே, தீப்புகுந்த அவன் மனைவியும் நிற்பாள். அந்தச் சாவைக் கல் போற்றுகிறது. உடன்கட்டை ஏறுதல் வங்காளத்தில் 1829இலும் சென்னை மாகாணத்தில் 1830இலும் தடை செய்யப்பட்டது. கதை தெரிந்ததும் சிற்பியின் உளித்திறன் மறைந்துவிடுவதில்லை. ஆனால் முன்பு போல முழு மனத்தோடு அதை ரசிக்கவும் முடிவதில்லை. "அக்கால வழக்கம்" என்று மட்டும் சொல்லிக் கடந்துவிடக் கூடாது. நம் எதிரே அமர்ந்திருக்கும் மாணவியரும் அந்தக் கல்லைப் பார்க்கிறார்கள்.

எனவே, வகுப்பில் நான் மூன்று வினாக்களைக் கேட்கிறேன்: படைப்பு எதைக் காட்டுகிறது? யார் பக்கம் நின்று காட்டுகிறது? நம்மை என்ன உணரச் சொல்கிறது? முதல் வினாவுக்கு வரும் விடையை மட்டும் வைத்து ஒரு படைப்பை ஒதுக்கிவிடக் கூடாது. அழகையும் அறத்தையும் எடைபோட மற்ற இரண்டும் வேண்டும்.

இதன் மறுபக்கமும் உண்டு. நல்ல நீதியைச் சொல்வதாலேயே ஒரு படைப்பு அழகாகிவிடாது. கலைத் திருவிழாவில் நாடகங்களுக்கு மதிப்பெண் இடும்போது, கருத்து நல்லது என்பதற்காக மட்டும் பரிசு தருவது சரியன்று. அந்தக் கருத்தை நடிப்பும் உரையாடலும் நம்மை உணரவைத்தனவா என்று பார்ப்போம். கலையை மதிப்பிட மாணவர்கள் நம்மைப் பார்த்தே பழகுகிறார்கள்.